எட்டு விழாத கால்குலேட்டர்

நான் நன்னிலம் பக்கம் சர்வேயராக இருந்த காலத்தில் என்னிடம் ஒரு கால்குலேட்டர் இருந்தது. சிங்கப்பூர் போய்வரும் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவரிடம் வாங்கியது. சட்டைப் பைக்குள் அடங்கும், ஆனால் பையைக் கீழே இழுக்கிற கனம். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எண்கள் சிவப்பாக எரியும். வெயிலில் ஒன்றும் தெரியாது. உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். தாலுகா ஆபீஸில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. அதனால் எனக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள். பேசியது சரிதான். மற்றவர்கள் பேப்பரில் பெருக்கிக்கொண்டிருக்கும்போது நான் நாலு பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

அந்த மார்கழியில் எனக்குக் கொடுத்த வேலை ஒரு தெருவை அளப்பது. விவசாயத் தொழிலாளிகளின் தெரு, நாற்பத்தொரு வீடு. நிலம் மிராசுதாருடையது. அதில் வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் அவர் வயலிலேயே தலைமுறையாக வேலை செய்தவர்கள். குடியிருப்பு மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகியும் அந்தத் தெருவுக்குப் பட்டா வரவில்லை. இப்போது திடீரென்று மந்திரி வருகிறார், சனிக்கிழமை முகாம், அன்றைக்கே கையில் பட்டா என்று எல்லோரும் பரபரத்தார்கள். வரப்போகிற அறுவடைக்குக் கூலித் தகராறும் முற்றியிருந்த நேரம். ஒரு பக்கம் சிவப்புக் கொடி, இன்னொரு பக்கம் மிராசுதாரின் ஆட்கள். அளவுச் சங்கிலியோடு நான் வரப்பில் நடந்தால் இரண்டு பக்கமும் என்னை எதிராளியின் ஆளாகவே பார்த்தார்கள்.

முகாமுக்கு ஒரு விதி இருந்தது. மனையில் ஏதாவது தகராறு என்று ஓரத்தில் ஷரா எழுதப்பட்டால் அந்தப் பட்டா அன்றைக்குக் கிடைக்காது. தகராறுக் காகிதங்களின் தனிக் கட்டு ஒன்றில் சேர்ந்துவிடும். அந்தக் கட்டு எப்போது அவிழும் என்பது தாசில்தாருக்கே தெரியாது.

எங்கள் சங்கிலியில் ஒரு கண்ணி இருபது சென்டிமீட்டர். ஆகவே அளவில் புள்ளிக்குப் பின்னால் வருவது இரண்டு, நாலு, ஆறு, எட்டு, இல்லாவிட்டால் பூஜ்யம். மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு பிடித்து, அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் செங்குத்தாக அளந்து, கூட்டி, பெருக்கி, பாதியாக்கினால் பரப்பு வந்துவிடும். சங்கிலி பிடிக்க என்னோடு செயின்மேன் ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். வாயில் எப்போதும் வெற்றிலை. திங்களும் செவ்வாயும் அளந்தோம். புதன்கிழமை காலையில் தெருமுனையில் நின்று ஒவ்வொரு மனையின் பரப்பையும் வாசித்தேன். தெருக்காரர்களுக்கு சதுர மீட்டர் புரியாது என்பதால் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி ஒரு குழி என்ற ஊர்க் கணக்கில் குழியாகவும் மாற்றிச் சொன்னேன்.

வாசித்து முடித்து, டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது கடைசி வீட்டுக்காரம்மா முன்னால் வந்தார். புருஷன் இல்லை. ஒரே மகள், மணமாகி வலங்கைமானில் இருந்தாள். அவர் மனை வயலை ஒட்டி இருந்தது. வயல் பக்கம் மனைக்குள்ளேயே சின்னதாக ஒரு அடுப்படிக் கொட்டகை போட்டிருந்தார்.

"பதினாலு குழிங்கிறீங்க. எங்க மனை பதினஞ்சு குழிங்க சார்."

"அளந்தாச்சு. பதினாலுதான்."

"காரியஸ்தர் இப்பத்தான் கயிறு போட்டுப் பாத்தாரு. பதினஞ்சு வருது. சர்வேயர் சொல்றது பதினாலு, நீ புடிச்சிருக்கிறது பதினஞ்சு, ஒரு குழி எங்க அய்யா வயல்ல வந்துட்டேங்கிறாரு. அடுப்படிய பிரின்னு நிக்கிறாரு சார்."

மிராசுதாரின் காரியஸ்தர் கொஞ்சம் தள்ளி, குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் கால்குலேட்டரை எடுத்தேன். அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டி, பார்க்காமலே தட்டினேன். எனக்குத்தான் பழக்கமான விரலாயிற்றே. முதலில் வந்த அதே எண் மறுபடியும் வந்தது. நூற்று எண்பத்தேழு புள்ளி இரண்டு.

"ரெண்டு தடவ பாத்தாச்சும்மா. கயிறு நனைஞ்சா சுருங்கும், காஞ்சா நீளும். மிஷின் பொய் சொல்லாது. தகராறுன்னு எழுதணுமா சொல்லு, எழுதிட்டுப் போறேன். சனிக்கிழமை பட்டா வராது."

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்தார். பிறகு, "எழுத வேணாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அடுத்த வேலையைப் பார்க்கக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலையில் ஆபீஸில் உட்கார்ந்து வேறொரு ஊரின் வாய்க்கால் அளவைப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினெட்டு புள்ளி எட்டு என்று தட்டிவிட்டுத் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தால் பதினெட்டுதான் நின்றது. புள்ளி இருந்தது, எட்டு இல்லை. அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். வந்தது. மறுபடி. வந்தது. என் விரல்தான் வழுக்கியிருக்கும் என்று நினைத்துத் தொடர்ந்தேன். நாலு வரி தள்ளி இருபத்தாறு புள்ளி எட்டு வெறும் இருபத்தாறாக நின்றது.

முதல் சந்தேகம் பேட்டரி மேல். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் புது செல் வாங்கிவந்து போட்டேன். எழுத்து பளிச்சென்று எரிந்தது. எட்டு மட்டும் அதன் இஷ்டத்துக்கு வந்தது, வராமல் போனது. பிறகு முறையாகச் சோதிப்போம் என்று ஒரு தாளில் பத்து எண்ணையும் எழுதி ஒவ்வொன்றையும் இருபது தடவை அழுத்திக் கோடு போட்டேன். எல்லாமே இருபதுக்கு இருபது. எட்டும் இருபதுக்கு இருபது! சோதித்தால் ஒழுங்குப் பிள்ளை, வேலை கொடுத்தால் திருட்டுப் பிள்ளை. எனக்கு வந்த கோபத்தில் அதை மேஜை மேல் போட்டேன். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ நாள் என்னிடம் அதை இரவல் கேட்டு நான் தராமல் விட்டவர். "ஜப்பான்காரன் ஏமாத்திட்டானா சார்?" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மதியம் சோறுகூடச் சாப்பிடாமல் அதோடு மல்லுக்கட்டினேன். ஒரு வழியாகப் பிடிபட்டது. சோதிக்கும்போது நான் பட்டனைப் பார்த்து, நிதானமாக, அடிவரை அழுத்துகிறேன். வேலை செய்யும்போது கண் தாளில் இருக்கிறது, விரல் பட்டனின் ஓரத்தைத் தொட்டுவிட்டு ஓடுகிறது. அழுத்தி அமுக்கினால் எட்டு விழும், மேலாகத் தட்டினால் விழாது. அதாவது நான் பார்க்காதபோது மட்டும் தப்புப் பண்ணும். புதன்கிழமை அந்த அம்மா முகத்துக்கு நேரே நான் பார்க்காமலே தட்டியது நினைவுக்கு வந்தது. அவர் மனையின் அளவில் எட்டு உண்டா என்று ஏட்டைத் திறந்து பார்க்கத் துணிவில்லை. முதலில் இதைச் சரிசெய்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். வெறும் பயம்தான் அது.

வாயால் ஊதினேன். தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டினேன். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கிவந்து பட்டனைச் சுற்றி நாலு சொட்டு விட்டேன். பிளேடால் சீவிய தபால் கார்டை இடுக்கில் விட்டுக் குடைந்தேன். பலன், ஒரு தடவை அழுத்தினால் இரண்டு எட்டு விழ ஆரம்பித்தது. நான் பல்லைக் கடித்த சத்தம் எனக்கே கேட்டது. பின்பக்கத்தைத் திறக்கலாம் என்றால் ஸ்க்ரூ என் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னது. பேனாக்கத்தியின் முனையைக் கொடுத்துத் திருப்பினேன், ஸ்க்ரூவின் தலை வழவழத்துப் போயிற்று, கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் இறங்கியது.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, திருவாரூரில் பஸ் மாறிக் கூத்தாநல்லூர் போனேன். அங்கே ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் இருந்தார். வளைகுடாவிலிருந்து வந்து இறங்கும் சாமான்கள் எல்லாம் கடைசியில் அவர் கடைக்குத்தான் வரும் என்பார்கள். என்னைவிட இளையவர். கட்டுப் போட்ட என் விரலையும் கால்குலேட்டரின் ஸ்க்ரூவையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது, நாகரிகத்துக்காகக் கேட்கவில்லை.

"எல்லா பட்டனுமா, ஒண்ணு மட்டுமா சார்?"

"எட்டு மட்டும்."

"பக்கத்துல ஏழும் ஒம்பதும் நல்லா விழுதா? கீழ அஞ்சு, ரெண்டு?"

"எல்லாம் விழுதுங்க."

"அப்ப ஒயர்ல ஒண்ணுமில்ல. ஒயர் போயிருந்தா ஒரு வரிசையே போயிருக்கும். அந்த ஒத்த எடத்துலதான் என்னமோ இருக்கு. உக்காருங்க."

இதைத்தான் நானும் யோசித்திருக்க வேண்டும். மூன்று கேள்வி. நான் ஒரு பகல் முழுக்கக் குடைந்ததற்கு மூன்று கேள்வி போதுமாயிருந்தது.

வழவழத்த ஸ்க்ரூவை எடுக்கவே அவருக்கு அரை மணி ஆயிற்று. ஒவ்வொரு தடவை அது வழுக்கும்போதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பலகையைத் தூக்கியதும் பட்டன்கள் எல்லாம் பொலபொலவென்று மேஜையில் கொட்டின. ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே பலகையில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு தகடு. அழுத்தினால் அமுங்கிக் கீழே இருக்கும் ஒயரைத் தொட வேண்டும். எட்டாம் நம்பர் தகட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு. பாய் ஊசியால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம் சார்!"

நான் ஊசி முனையைக் குனிந்து பார்த்தேன்.

"ரேடியோவுக்குள்ள கரப்பான் பாத்துருக்கேன், பல்லி முட்டை பாத்துருக்கேன். சந்தனம் இப்பத்தான் பாக்குறேன். குங்குமம் வேற. யாரு வச்சது?"

வேறு யார்? நான்தான். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு. ஆபீஸில் சாமி படம் மாட்டக் கூடாது என்று உத்தரவு இருந்தது, நாங்களும் மாட்டவில்லை. சுவரில் தலைவர்கள் மட்டும்தான். ஆனால் ஆயுத பூஜையன்று ரெக்கார்டு ரூமில் வாழையிலை போட்டு, சங்கிலி, ஸ்கேல், சுத்தியல், ரப்பர் ஸ்டாம்பு எல்லாவற்றையும் வரிசையாக வைப்பது நின்றதே இல்லை. செயின்மேன் சந்தனம் குழைத்தார். கல்லூரியில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்த நான் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து நானே இலையில் வைத்தேன். எங்கே பொட்டு வைப்பது என்று பார்த்தேன். கண்ணாடி முகம் என்றால் அதை ஒட்டி, நடுவில், நெற்றி மாதிரி ஓர் இடம் வேண்டும். மேல் வரிசையின் நடுப்பட்டன் எட்டு. அதன் மேல் மோதிர விரலால் தாராளமாக வைத்தேன். சந்தனம் நீர்த்திருந்தது, இடுக்கில் இறங்கியது. மறுநாள் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பளபளப்பாக இருக்கிறது என்று பையில் போட்டுக்கொண்டேன்.

பாய் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். தகடு பளிச்சென்று ஆனது. பட்டன்களைத் திரும்ப அடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். அதிலாவது ஒழுங்காக இருந்தேனா? எல்லாம் மூடி ஸ்க்ரூ போட்ட பிறகு ஆறை அழுத்தினால் ஒன்பது வந்தது. இரண்டையும் தலைகீழாக இடம் மாற்றி வைத்திருந்தேன். பாய் ஸ்க்ரூ டிரைவரை மறுபடி எடுத்தார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

கடைசியில் எட்டு விழுந்தது. லேசாகத் தொட்டாலும் விழுந்தது. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தச் சனியனை இனி எந்த எண்ணுக்கு நம்புவது? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஏட்டை எடுத்து மடியில் விரித்தேன். கடைசி வீடு. மூலைக்கு மூலை இருபத்து நாலு புள்ளி எட்டு. ஒரு பக்கம் ஒன்பது புள்ளி எட்டு, மறு பக்கம் ஆறு புள்ளி ஆறு. பென்சிலால் போட்டேன், பஸ் குலுங்கக் குலுங்க. இருநூற்று மூன்று சதுர மீட்டர், கொஞ்சம் கூடவே. எட்டு இரண்டையும் விட்டுவிட்டுப் போட்டேன். நூற்று எண்பத்தேழு புள்ளி இரண்டு.

பதினைந்து குழி. அந்த அம்மா சொன்னது. காரியஸ்தரின் கயிறு சொன்னது. ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்த கணக்கு.

ஆபீஸுக்குத் திரும்பி நாற்பத்தொரு மனையையும் கையாலேயே போட்டேன். பதினொரு மனையில் எட்டு காணாமல் போயிருந்தது. பத்து மனைகள் தெருவின் நடுவில் இருந்தவை, வயலை ஒட்டாதவை. யாரும் எதற்கும் சண்டைக்கு வரவில்லை. தாசில்தாரிடம் போய் நின்று திருத்த வேண்டும் என்றேன். எழுதிய பட்டாவில் பதினொன்றைக் கிழித்து மறுபடி எழுத வேண்டும் என்றதும் அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. முழுவதையும் கேட்டுக்கொண்டேன். அவர் திட்டத் திட்ட, பொழுது போகிறதே, அந்த அம்மா கொட்டகையைத் தொடாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் மனசில் ஓடியது.

சனிக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் போனேன். தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. கொட்டகை இல்லை. மூங்கில் கொம்புகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன, கீற்று ஒரு பக்கம். அடுப்பு இருந்த இடம் கறுப்பாக, ஈரமாகத் திறந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம், வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு முள்வேலி. காரியஸ்தர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மந்திரி வருகிற நாளில் ஒன்றும் ஆகிவிடாமல் காவல் போலிருக்கிறது.

"வேலிய எடுக்கச் சொல்லுங்க. மனை பதினஞ்சு குழி. அடுப்படி அவங்க மனையிலதான் இருந்துச்சு," என்றேன்.

"அன்னிக்கு பதினாலுன்னீங்க. இன்னிக்கு பதினஞ்சு. ரெண்டுல எது சார் உங்க கணக்கு?"

அதற்குள் தெருவே கூடிவிட்டது. அந்த அம்மாவும் வந்து வாசலில் நின்றார். மிஷின் கெட்டுவிட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல முடியவில்லை.

"ரெண்டும் என் கணக்குதான். அன்னைக்கு நான் தப்பா போட்டேன்."

"வாயால சொன்னா அய்யா கேக்க மாட்டாரு. எழுதிக் குடுங்க."

எழுதினேன். நான் செய்த பிழையால் பரப்பு குறைத்துக் காட்டப்பட்டது என்று எழுதி, பதவி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். ரோட்டில் கொடியும் தோரணமுமாக ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். அன்றைக்குத் தகராறு வேண்டாம் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, குடையின் நுனியால் முள்ளைத் தள்ளிவிட்டார். அவருடைய ஆள் மீதியை இழுத்து வரப்பில் போட்டான்.

எல்லோரும் முகாமுக்கு நகர்ந்தார்கள். அந்த அம்மா மட்டும் கொம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய், பட்டாவில் பதினைந்து குழி என்றே எழுதியிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றேன்.

"இது எதுல போட்ட கணக்கு சார்?"

"கையாலதாம்மா போட்டேன்."

"எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மனைக்கு அஞ்சு நிமிஷம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இதப் பிரிக்க எனக்கு ஒரு பகல் பூரா ஆச்சு சார்," என்றார். பிறகு குனிந்து முதல் கொம்பைத் தூக்கினார்.